ஒரே அச்சில்

ஆம்பூரில் எல்லோரும் கேட்கிறார்கள்,
ரெண்டும் ஒரே வண்டிதானே?

ஷூ கம்பெனி நடத்துகிறவளிடம்
கேட்கிற கேள்வியா இது.
ஒரே அச்சில் இழுத்தாலும்
இடது இடதுதான்.

பாக்ஸ்டர் நான் வாங்கியது.
பதினோரு வருஷம், இரண்டு லோன்,
ஜெர்மன் ஆர்டர் ரத்தாகாமல் போன
ஒரே ஒரு மார்ச் மாதம்.
கூரை துணி.
பொத்தானை அழுத்தினால் பன்னிரண்டு நொடியில் வானம்.
வானத்தோடு சேர்ந்தே இறங்கும்
துத்திப்பட்டுத் தோல் ஷாப் வாடை,
லாரிப் புகை,
பக்கத்துப் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து
என் மடியைப் பார்க்கும் ஒரு ஆள்.

கேமன் தானாக வந்தது.
மூன்று வருஷப் பாக்கிக்குப் பதிலாக
பேர்ணாம்பட்டு முக்தார்
சாவியை ஒரு கவரில் போட்டு அனுப்பினார்.
கூடவே ஒரு கிலோ ஆற்காட்டு மக்கன் பேடா.
சாவியில் இன்னும் ஜீராப் பிசுக்கு போகவில்லை.

முன்னால் நின்று பார்த்தால் பிரிக்க முடியாது.
அதே மூக்கு, அதே விளக்கு, அதே சாம்பல் நிறம்.
முதுகுக்குப் பின்னால்
அதே ஆறு சிலிண்டர்.
பாக்ஸ்டர் குழியில் இறங்கினால் லேசாக உதறும்,
ஈரத் துணியை உதறுவதுபோல.
கேமன் உதறாது. மூடின பெட்டி.
உள்ளே என் மூச்சு எனக்கே கேட்கிறது,
அது எனக்குப் பிடிக்கிறதா என்று
இன்னும் தெரியவில்லை.

கதவைத் திறந்ததும் என் கை
ஸ்டியரிங்குக்குப் போகாது, சீட்டுக்குப் போகும்.
கேமனில் முழுத்தோல்.
குளிர்நாட்டு மாடு, உண்ணி கடிக்காத தோள்பட்டை.
பாக்ஸ்டரில் மேல்பூச்சு.
இரண்டு கோட் பிக்மென்ட்,
தகடு வைத்து அழுத்தி எடுத்த ரேகை.
என் பையன்களில் ஒருத்தன் இப்படித் தோல் எடுத்து வந்திருந்தால்
அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பேன்.
நான் வானத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

மாதனூர் வேகத்தடையில் மட்டும்
இரண்டுக்கும் வயிறு ஒரே குரலில் கத்தும்.
அங்கே அவை ஒரே வண்டி.

ஒன்றை வித்துடுங்க என்கிறார் ஆடிட்டர்.
எதை என்று அவர் சொல்வதில்லை.

ஞாயிறு, ஃபஜர் முடிந்த இருட்டில்
நிரோஷாவை வரச் சொன்னேன்.
லோடிங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள்.
இரண்டு டன் பெட்டியை
முட்டைபோல இறக்கி வைக்கிறவள்.
கேமனை அவளிடம் கொடுத்தேன்.
ஜீராவைத் துடைத்துவிட்டு
சீட்டை ஒரு விரல் முன்னால் இழுத்தாள், அவ்வளவுதான்.

வாணியம்பாடி தாண்டி ஏலகிரி ஏற்றம்.
வளைவுக்கு வளைவு ஒரு வள்ளல் பெயர்ப்பலகை.
அதில் ஒருவர் முல்லைக்கொடிக்குத் தேரை விட்டுவிட்டு
நடந்தே வீட்டுக்குப் போனவர்.
எதைக் கொடுப்பது என்ற குழப்பம் அவருக்கு இல்லை.
அங்கே நின்றது ஒரே தேர்.

ஆறாவது வளைவில் கண்ணாடியைப் பார்த்தேன்.
ஐந்து மாதமாக ஓட்டுகிறேன்,
என் வண்டி போவதை நான் பார்த்ததே இல்லை.
அது ஓடும்போதெல்லாம் நான் உள்ளே.
இறங்கினால் அது நின்றுவிடும்.
இப்போது பின்னால் அதே மூக்கு, அதே விளக்கு,
பாறையை உரசாமல் உரசி,
தண்ணீர் வாய்க்காலில் திரும்புவதுபோலத் திரும்பி
மேலேறி வருகிறது.
உள்ளே யாரென்று தெரியவில்லை.
ஒரு வளைவு முழுக்க அது நான்தான் என்று நினைத்திருந்தேன்.

மேலே போய் நிறுத்தினோம்.
எப்படி இருந்தது என்றேன்.
"வண்டி நல்லாத்தான் கீது மேடம்.
நீங்கதான் வளைவுக்கு வளைவு
சும்மா சும்மா பிரேக் மிதிக்கறீங்க."

இறங்கும்போது சாவி மாற்றிக்கொண்டோம்.
முன்னால் அவள், கூரையைத் திறந்துவிட்டு.
பதினான்கு வளைவும் இறங்கி முடிய
சிவப்பு விளக்கு
ஐந்து முறைதான் எரிந்தது.

எண்ணிக்கொண்டே வந்தேன்.